எவரிஸ்துவின் ஏழாவது சீட்டு

எவரிஸ்து வீட்டை விற்றுவிட்டார் என்று எனக்குச் சொன்னவள் ரொட்டிக்கடை சுல்மீரா. அவளுக்குச் சொன்னது அவள் புருஷன். அவனுக்குச் சொன்னவன் ஃபுளோரெஸ் தீவிலிருந்து மீன்பெட்டிகளோடு படகில் வந்து இறங்கியவன். ஆக, நடுக்கடலில் கிடக்கும் எங்கள் போர்த்துக்கீசியத் தீவான கோர்வோவில் நடந்த ஒரு விஷயம் கடல் தாண்டிப் பக்கத்துத் தீவுக்குப் போய், அங்கே ஒரு ராத்திரி தங்கி, காலைப் படகில் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. நான் குடியிருப்பதோ அதே எவரிஸ்து வீட்டின் பின்கட்டில். ஈஸ்டர் முழுக்கக் காய்ச்சலில் கிடந்ததற்குத் தண்டனை.

“அந்தக் குருவி பாக்குற ஸ்காட்லாந்துக்காரன் இருக்கான்ல, ஜில்பெர்து, அவனுக்குத்தான் வித்துட்டாராம்,” என்றாள் சுல்மீரா, என் ரொட்டியைத் தாளில் சுற்றியபடி. “கிரீடம் அவன் பேருக்குப் போவுது. வீடு இல்லாதவனுக்குக் கிரீடம் எப்பிடிப் போவும், நீயே சொல்லு.”

புதுச்சேரியிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். இருந்தாலும் வீடு, பெயர், காகிதம் என்று யாராவது பேச்செடுத்தால் என் கை தானாகவே குடியிருப்பு அட்டையைத் தேடும். ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டமாக வந்தேன்.

எவரிஸ்து முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இடலீனா அவரைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“அண்ணே, நான் காலி பண்ணணுமா?” என்றேன்.

“நான் எங்க வீட்ட வித்தேன், சீட்டுதானே போட்டேன்,” என்றார் எவரிஸ்து.

“அவகிட்ட ஒழுங்கா சொல்லு,” என்றாள் இடலீனா ஜன்னலிடம். “ஆசைப்பட்ட கதையச் சொல்லு.”

ஈஸ்டர் ஞாயிறு மதியம் எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்குவார்கள். ஊரார் பெயரெழுதிப் போட்டதில் ஏழு சீட்டு எடுப்பார்கள்; ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு வீடு. பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டு முன்னறையில் இருக்கும். சாயங்காலம் ஊரே வந்து ஜெபமாலை சொல்லும். ஏழாவது சீட்டுதான் பெரிய சீட்டு. அந்த வீட்டுக்காரர் கடைசி ஞாயிறன்று ரொட்டித் துண்டும் புதினாவும் போட்டு மாட்டிறைச்சிச் சூப்பை ஊர் முழுவதற்கும் ஊற்ற வேண்டும். ஊர் என்றால் நானூறு வாய்.

எவரிஸ்து இதற்காக இருபத்திரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். அப்போது அவருக்குச் சொந்தமாகப் படகு இருந்தது. இரண்டு தீவுக்கும் நடுவில் மூடுபனியில் இன்ஜின் நின்றுபோனது. முழங்காலில் நின்று, கிரீடத்தை என் வீட்டுக்கு அழைத்து ஊருக்கே சூப்பு ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். எழுந்து கயிற்றை இழுத்தார், இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதோடு படகை விற்றுவிட்டார். இன்ஜின் விஷயத்தில் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்த பரிசுத்த ஆவி, சீட்டு விஷயத்தில் மட்டும் நிதானமாக இருந்தது.

கிரீடம் வந்தால் முன்னறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இடலீனா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சுண்ணாம்பு அடித்து, கதவுக்குப் பெயின்ட் பூசுவாள். இருபத்திரண்டு பூச்சு. இப்போது அந்தக் கதவு மூடாது. அறையே ஒரு சாண் சுருங்கிவிட்டது என்று எவரிஸ்து சொல்வார். இன்னும் பத்து வருடம் சீட்டு விழாவிட்டால் கிரீடம் உள்ளே நுழையாது என்றும் சொல்வார்.

இடலீனாவின் அண்ணன் செராஃபிம் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அவருக்கு இதுவரை மூன்று முறை விழுந்திருக்கிறது. இந்த ஈஸ்டரில் நான்காவது முறையாக, ஆறாவது வாரத்துக்கு விழுந்தது. சீட்டைப் பிரித்தபோது அவர் மைத்துனரைப் பார்த்து, “நான் கேக்கவே இல்ல மச்சான், அதுவா வருது,” என்றாராம். அந்த வாக்கியத்தை எவரிஸ்து எனக்கு நான்கு தடவை சொல்லிக் காட்டினார், ஒவ்வொரு தடவையும் செராஃபிமின் வாயை இன்னும் கொஞ்சம் கோணலாக்கி.

“ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு தங்கச்சி,” என்றார். “அவன் வீட்ல ஏழு பேர், ஏழு சீட்டு. நம்ம வீட்ல ரெண்டு. பையன் டொரொன்டோல. கணக்கு சரியா வரல. அதனால ஜில்பெர்து பேர்லயும் ஒண்ணு எழுதிப் போட்டேன். பன்னெண்டு வருஷமாப் போடுறேன். இத்தனை வருஷமா விழல. இப்ப விழுந்துச்சு.”

“எந்த வாரம்?”

“ஏழாவது,” என்றாள் இடலீனா ஜன்னலிடம்.

“சரி, அவர் இந்த வீட்ல தங்குறவர்தானே. கிரீடம் இங்கதானே வரும்?”

“இங்கதான் வரும். ஆனா சீட்டுல யார் பேரோ அவன் கைதான் வாசல்ல நின்னு வாங்கணும். ஆள் இல்லன்னா கிரீடம் முந்தின வாரம் இருந்த வீட்டுக்கே திரும்பிப் போயிரும்.” எவரிஸ்து சுவரைப் பார்த்தார். “ஆறாவது வாரத்து வீடு எதுன்னு நான் சொல்ல வேணாம்ல.”

எவரிஸ்து எங்கள் விமான நிலையத்தில் தீயணைப்பு வீரர். முப்பது வருடத்தில் அங்கே தீப்பிடித்ததில்லை. ஒரு தடவை யாரோ எறிந்த சிகரெட்டில் காய்ந்த புல் புகைந்தது, அதைச் செருப்பால் மிதித்து அணைத்தார். விமானம் இறங்காத நாளில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, அதே பயணிகளைத் தன் வேனில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் விடுவார். வெயில் இருந்தால் மேலே எரிமலைக் குழிக்கு அழைத்துப் போவார். யாராவது செத்தால் குழி தோண்டுபவரும் அவர்தான். அதனால் வரும் விருந்தாளிகள் அவரை மூன்று சகோதரர்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. படகை விற்ற பிறகு தீவை விட்டு அவர் போன ஒரே பயணம், பல் பிடுங்க ஃபுளோரெஸ் போனது. ஒரு பல்லுக்குப் போனவர், கடல் கொந்தளித்து மூன்று வாரம் அங்கேயே மாட்டிக்கொண்டு, போகிறபோக்கில் இன்னும் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

ஜில்பெர்துவின் உண்மையான பெயர் கில்பர்ட் ஹாடோ. ஸ்காட்லாந்தில் பெர்த் என்ற ஊரில் பேருந்து நேர அட்டவணை தயாரித்து ஓய்வுபெற்றவர். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில் மூன்று நாள் தங்க வந்தார். காற்று விடவில்லை, பன்னிரண்டு நாள் ஆயிற்று. எவரிஸ்து தன் மாடியறையைக் கொடுத்தார், இடலீனா கடற்பாசி அடை சுட்டுப் போட்டாள். அக்டோபர் புயலில் அமெரிக்கப் பறவைகள் வழிதவறி எங்கள் தீவில் விழும். அவற்றைப் பார்க்க மழைக்கோட்டு ஆட்கள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருவார்கள். அந்த முதல் வருடம், கைவிரல் அளவு மஞ்சள் குருவி ஒன்றைப் பார்த்துவிட்டு ஜில்பெர்து மழையில் நின்று அழுதாராம். எவரிஸ்து பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, “நம்ம ஆளுங்க எத்தனை பேர் அமெரிக்கா போனாங்க, இது ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு,” என்றார். அதிலிருந்து நட்பு. ஒவ்வொரு அக்டோபரும் ஒரு மாதம். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது ஜில்பெர்து விமான நிலையத்தில் எவரிஸ்துவின் தலைக்கவசத்தைத் தட்டி, தனக்குத் தெரிந்த போர்த்துக்கீசில் ஒரே வாக்கியம் சொல்வார்: நானும் இந்த ஊர்க்காரன்தான்.

எவரிஸ்து அதை நம்பித்தான் சீட்டில் எழுதினார்.

கிரீடத்தைக் கவனிக்கும் சங்கத்தின் தலைவி டோனா லியோனில்துவைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மரியாதைக்கு டோனா என்போம்; எழுபத்தொன்பது வயது. இந்தத் தீவின் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். தீவின் மொத்தக் காதல், சண்டை, சாவு எல்லாம் அவர் காது வழியாகப் போனவை. ஒன்றைக்கூட வெளியே சொன்னதில்லை, எதையும் மறந்ததுமில்லை. அதனால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

“டோனா, அவனுக்குப் பதிலா நான் வாங்கிக்கிறேனே,” என்றார் எவரிஸ்து. “என் வீடு, என் வாசல்.”

“சீட்டுல உன் பேரா இருக்கு?”

“இல்ல.”

“யார் எழுதினது?”

“நான்தான்.”

“உனக்குக் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்துலயே உன் பரீட்சைய நீ எழுதாம அடுத்தவன் பரீட்சைய எழுதினவன்தானே நீ.” காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். “இந்தத் தீவு மேசையில முப்பது நாள் சாப்பிட்டவன் சீட்டுப் போடலாம்னு விதி. ஜில்பெர்து சாப்பிட்டிருக்கான். அதனால ஒத்துக்கிட்டேன். சாப்பிட்டவன் வந்து வாங்கட்டும். ஏழாவது வாரம் ஆரம்பிக்கிற ஞாயித்துக்கிழம, மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் டைம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ எத்தனை நாள் சாப்பிட்டிருக்க?”

“ஒன்பது வருஷம், டோனா.”

“ஏன் சீட்டுப் போடல?”

எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன் என்றேன். அவர் எவரிஸ்துவைப் பார்த்தார். எவரிஸ்து தன் தொப்பியைப் பார்த்தார்.

“வாசல்லயே ஒருத்தி ரெடியா இருக்கா. அவள விட்டுட்டு, கடல் தாண்டி இருக்குறவன் பேர எழுதியிருக்கான்.”

“அவ பயப்படுவான்னு கேக்கல டோனா,” என்றார் எவரிஸ்து. அது உண்மைதான். என் பெயரைக் குலுக்கலில் போட்டதாகத் தெரிந்திருந்தால் நான் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குத் தினமும் சாயங்காலம் டெலிபோன் வேலை. எங்கள் இளவட்டங்களுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும்; ஆனால் அவர்களிடம் உதவி கேட்டால் விஷயம் ஃபுளோரெஸ் போய்த்தான் நிற்கும். புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் படித்த எனக்கு ஆங்கிலம் மூன்றாம் பட்சம். இருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று எவரிஸ்து நம்பினார். ஜில்பெர்துவின் வீட்டு எண் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன். அதை அவர் அக்டோபரில் இங்கே வந்துதான் திறப்பார் என்று பிறகு தெரிந்தது.

பெர்த்தில் மணி அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். எவரிஸ்து தன் காதையும் என் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார்.

“அங்க மணிகூட ஜோடியாத்தான் அடிக்குது,” என்பார். ட்ர்-ட்ர், பிறகு ஒரு இடைவெளி, மறுபடி ட்ர்-ட்ர். “நம்ம நாட்டுல ஒத்தையா ஒண்ணு அடிச்சிட்டு, மூச்சு வாங்கிட்டு, மறுபடி அடிக்கும். இவனுங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்.”

மூன்றாவது வாரம் ஒரு பெண்குரல் எடுத்தது. ஜில்பெர்துவின் அக்கா இஸபெல். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவராம். நான் மூச்சு விடாமல் கிரீடம், சூப், சீட்டு எல்லாம் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அது ஏதோ ஆட்கடத்தல் மிரட்டல் மாதிரி அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். என் தம்பி உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னார்: அவன் ஷெட்லாந்துப் பக்கம் ஒரு சின்னத் தீவில் இருக்கிறான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அங்கேதான். இருபத்தேழு வருடமாகப் போகிறான். அங்கே போன் எடுக்காது. அந்தத் தீவுக்காரர்களோடு ரொம்ப ஒட்டுதல். தானும் அந்த ஊர்க்காரன்தான் என்று சொல்லிக்கொள்வான்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன்.

எவரிஸ்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இருபத்தேழு வருஷமா?”

“ஆமாண்ணே.”

“இங்க பத்தொன்பது.”

“ஆமாண்ணே.”

“அப்போ அதுதான் பெரிய வீடு,” என்றார். “நாமதான் சின்ன வீடு.”

இடலீனா அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். எவரிஸ்து அவள் முதுகைப் பார்த்துக் கத்தினார்: “சிரி. அக்டோபர் வரைக்கும் தாங்குற மாதிரி சிரி. முப்பது நாள் அடை சுட்டுப் போட்டியே, அங்க எவ சுட்டுப் போடுறாளோ.”

“போடட்டும்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “அவன் ரெண்டு ஊருலயும் ஊர்க்காரன்னு சொன்னான். நீ அவனக் கேக்காமலே அவன் பேர எழுதின. யாரு பெரிய ஆளு?”

அன்றிரவு எவரிஸ்து சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஜில்பெர்துவின் மாடியறையில் இருந்த பழைய மழைச்செருப்பை எடுத்துத் தோட்டத்தில் எறிந்தார். சாயங்காலம் மழை வந்ததும் போய் எடுத்துக்கொண்டு வந்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

இஸபெல் தபால் படகில் தம்பிக்குக் கடிதம் அனுப்பினார். தம்பியின் கைபேசி எண்ணையும் கொடுத்து, எச்சரிக்கையும் கொடுத்தார்: அவன் எடுக்க மாட்டான், மணி சத்தத்துக்குப் பறவை ஓடிவிடும் என்று சத்தத்தை அணைத்துப் பையின் அடியில் போட்டிருப்பான். நாங்கள் அடித்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் தினமும் எங்களுக்குச் சொன்னாள். அந்தக் குரலுக்கு எவரிஸ்து வணக்கம் சொல்லவே ஆரம்பித்துவிட்டார்.

ஆறாவது வாரம் கிரீடம் செராஃபிம் வீட்டுக்குப் போனது. சாயங்காலம் நாங்களும் ஜெபமாலைக்குப் போனோம். செராஃபிம் தன் மைத்துனர் தோளில் கைபோட்டார்.

“ஆள் வரலன்னா கவலப்படாத மச்சான். கிரீடம் என் வீட்டுலயே இருக்கட்டும். மாட்டுக்குச் சொல்லி வச்சிட்டேன். உனக்கு எலும்பில்லாத துண்டாப் போடுறேன்.”

“எனக்குப் பல்லு இருக்கு,” என்றார் எவரிஸ்து.

“மூணு கொறையுதுல்ல, அதான்.”

வியாழக்கிழமை இஸபெல் போன் செய்தார். கடிதம் போய்ச் சேர்ந்தது, புதன்கிழமை அவன் அந்தத் தீவிலிருந்து படகேறிவிட்டான், வீட்டுக்கு வரவில்லை, எங்கே போகிறான் என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. எவரிஸ்து அன்றைக்கே மாடியறைப் போர்வைகளைக் காற்றில் உலர்த்தினார். பெரிய வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

சனிக்கிழமை விமானம். எவரிஸ்து தீயணைப்பு உடையில் வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நான் கம்பி வேலிக்கு வெளியே. மூடுபனி ஓடுபாதைக்கு மேல் படுத்திருந்தது. விமானத்தின் சத்தம் வந்தது. தலைக்கு மேலே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு சத்தம் ஃபுளோரெஸ் பக்கம் போய்க் கரைந்தது. விமானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நிலையத்தில் கேட்டால் சொல்லக் கூடாது, அது விதி. அந்த விதியை இத்தனை வருடமாக மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவரே எவரிஸ்துதான். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கு வேனில் ஏற்ற யாரும் இல்லை, என்னை ஏற்றிக்கொண்டார்.

“காலையில ஃபுளோரெஸ்லேருந்து படகு விட்டா வந்துரலாம்,” என்றார். “அவன் அந்த விமானத்துல இருந்திருந்தா.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியபோதும் பனி விலகவில்லை. படகு கிளம்பியதா என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியவில்லை. சிவப்புக் கொடி முன்னால், மேளம் பின்னால், நடுவில் வெள்ளித் தட்டில் கிரீடத்தைத் தாங்கியபடி செராஃபிம். கல் பாவிய சந்தில் ஏறி எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எவரிஸ்து கல்யாணக் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். பித்தான் போட முடியவில்லை. பெயின்ட் கனத்தில் மூடாத கதவு அவருக்குப் பின்னால் முழுசாகத் திறந்திருந்தது. இடலீனா முன்னறையை இருபத்துமூன்றாவது தடவையாக வெள்ளையடித்து, வெள்ளைப் பூவால் மேடை கட்டியிருந்தாள்.

“சீட்டுக்காரர் யாரு?” என்றார் டோனா லியோனில்து, வழக்கப்படி.

எல்லாரும் கீழே துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் பக்கம் மணிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது சந்தின் முனையில் தெரிந்தது. பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம்.

“மச்சான், கை வலிக்குது,” என்றார் செராஃபிம். “சீக்கிரம் ஒரு முடிவு சொல்லு.”

எவரிஸ்து கைபேசியை எடுத்தார். மூன்று வாரமாக அடித்த எண். பார்க்காமலே விரல் அடித்தது. அந்தப் பெண்ணின் குரலுக்காகக் காத்திருந்தார். முகம் மாறியது. கைபேசியை என் காதில் வைத்தார்.

மணி அடித்தது. ஒற்றையாக ஒன்று. பிறகு நீளமாக ஒரு மௌனம். மறுபடி ஒற்றையாக ஒன்று.

“ஜோடியா இல்ல,” என்றேன்.

“ஜோடியா இல்ல,” என்றார் எவரிஸ்து.

“என்னது ஜோடியா இல்ல?” என்றார் செராஃபிம்.

டோனா லியோனில்து கையை நீட்டினார். கைபேசியை வாங்கித் தலைமுடியை ஒதுக்கி, முப்பது வருடம் கருவி மாட்டியிருந்த அந்த வலது காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஊரே அவர் முகத்தைப் பார்த்தது.

“வெளிநாட்டு மணி இல்ல இது,” என்றார் கடைசியில். “நம்ம மணி. ஆள் இருக்குற நாட்டு மணிதான் காதுல கேக்கும். அவன் நம்ம நாட்டுலதான் எங்கயோ இருக்கான்.”

“நம்ம நாடு பெருசு, டோனா,” என்றார் செராஃபிம். “லிஸ்பன்லகூட இருக்கலாம். எடுக்க மாட்டேங்கிறான்ல. மணி பன்னெண்டாகப் போவுது.”

“பையோட அடியில இருக்கும்,” என்றாள் இடலீனா. அந்த நாற்பது நாளில் அவள் புருஷன் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. “சத்தத்தை அணைச்சு வச்சிருப்பான்.”

டோனா லியோனில்து கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே சந்தின் முனையைப் பார்த்தார். “மணிக்காரன்கிட்டப் போய்ச் சொல்லுங்க, கயித்த விடச் சொல்லி.”

“விதின்னு ஒண்ணு இருக்கே, டோனா,” என்றார் செராஃபிம்.

“இருக்கு. மத்தியான மணி அடிக்கிற வரைக்கும்னுதான் விதி, இன்னும் அடிக்கல. லைன்ல மணி போயிட்டிருக்கும்போது நான் எவனையும் துண்டிச்சதில்ல, முப்பது வருஷத்துல ஒருத்தனையும். நீ கிரீடத்த நேராப் பிடி.”

செராஃபிம் நேராகப் பிடித்தார். இடலீனா உள்ளே போய் ஒரு முக்காலி கொண்டுவந்து அண்ணனின் முழங்கைக்கு முட்டுக் கொடுத்தாள். கைபேசி மணி தானாக நின்றபோது டோனா லியோனில்து கைபேசியை எவரிஸ்துவிடம் நீட்ட, அவர் மறுபடி அடித்து டோனாவின் காதிலேயே வைத்தார். கீழே பனிக்குள் ஒரு இன்ஜின் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது, அலையாகவும் இருக்கலாம். பன்னிரண்டு தாண்டியும் கோயில் மணி அடிக்கவில்லை; எவரிஸ்து கோட்டின் பித்தானை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். டோனாவின் காதில் மட்டும் மணி: ஒற்றையாக ஒன்று. நீளமாக ஒரு மௌனம். மறுபடி ஒற்றையாக ஒன்று.